மே மாதக் காய்ச்சல்

ஊரில் எனக்கு ஆமிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் அம்மா சீனி வாங்க நிற்கும்போது, "ஆரது, ஆமிக்காரியின்ரை தாயோ?" என்று பின்னால் நிற்பவர்கள் கேட்பார்கள். அம்மா திரும்பிப் பார்த்து "ஓம்" என்பார். பிறகு சீனியை வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்து வருவார். அம்மாவின் அந்த "ஓம்" எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

படையில் என் முதல் தவணை முடிந்து, இன்னொரு தவணைக்குக் கையெழுத்து வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டி வந்த வருடத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தீர்மானம் என்னுடையது. ஆனால் அதை எனக்காக எடுத்துத் தர எத்தனை பேர் முண்டியடித்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். எனக்கு மூத்தவன் ஒரே அண்ணை. சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது வன்னிக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்தவன். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவன் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. அவனோடு நின்ற ஒருவர் பிறகு ஒரு நாள் வந்து, மே மாதத்தில் அவன் காயப்பட்டுக் கிடந்ததைக் கண்டதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த கையோடு நான் ஒரு புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கடையும் மூடப்பட்டது. படைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று ஓட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். போய்ப் பெயர் கொடுத்தேன். அண்ணை எந்தப் படையோடு சண்டை பிடித்துச் செத்தானோ அந்தப் படையிலா என்று கேட்பீர்கள். ஓம், அதே படையில்தான். வீட்டில் அரிசிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நாட்கள் அவை. ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து தந்த சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. நான் பெயர் கொடுத்த பிறகுதான் மானம், மரியாதை, இனம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு எங்கள் வாசல் படலைக்கு வந்தார்கள். அவற்றை உலையில் போட முடியாது.

போகிற அன்று அம்மா அழவில்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை. வறுத்து இடித்த மிளகாய்த்தூளை ஒரு ஜாம் போத்தலில் அமத்தி அடைத்து என் பைக்குள் வைத்தார். "அங்கை கறி உறைக்காது" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் கறி உண்மையிலேயே உறைக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் என்னைச் சாரதிப் பிரிவில் போட்டார்கள். முதலில் ஜீப், பிறகு லொறி, அதற்குப் பிறகு தண்ணீர் பவுசர். எங்கள் ஊரில் பெண்பிள்ளை ஸ்கூட்டி ஓடலாம். அதற்கு மேல் எதையாவது ஓட ஆசைப்பட்டால் இவளுக்கு என்ன பிடித்துவிட்டது என்று கேட்பார்கள். பவுசர் முழுத் தண்ணீரோடு போகும்போது அடக்கமாக இருக்கும். பாதி இறக்கிய பிறகுதான் பயம். பிரேக்கை மிதித்தால் உள்ளே தண்ணீர் புரண்டு வந்து முன்பக்கம் இடிக்கும். நிறுத்திய பிறகும் வண்டியைத் தள்ளும். எனக்குப் பழக்கிய சார்ஜன்ட் இதைச் சொல்லித் தரவில்லை, ஒரு மதகில் முட்டப் பார்த்துத்தான் நானாகப் பழகினேன். அந்த வண்டியில் எனக்கு அப்படி ஒரு ஆசை. அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் ஒருவரும் எனக்குப் புத்தி சொல்ல முடியாது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

சில வருடங்கள் தெற்கில் நின்றுவிட்டு எங்கள் பக்கத்து முகாம் ஒன்றுக்கே மாற்றலாகி வந்தேன். பருத்தித்துறைக்கு மேற்கே கரையோரக் கிணறுகள் சித்திரை பிறந்தால் ஆவணி வரை உவர்த்துப் போகும். சாமிக்கு விளக்கு மினுக்கக்கூட அந்தத் தண்ணீர் உதவாது. அந்த மாதங்களில் ஒழுங்கை முகப்புகளில் இருக்கும் கறுப்புத் தாங்கிகளுக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. எங்கள் ஒழுங்கையும் அதில் ஒன்று. பெரியப்பாவின் ஒழுங்கையும் அதில் ஒன்று.

பெரியப்பா என்றால் அப்பாவின் சொந்தத் தமையன். அரசாங்க வேலையிலிருந்து இளைப்பாறியவர். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, கோயில் கூட்டங்களில் முன் கதிரை. நான் படையில் சேர்ந்த வாரமே எங்கள் வீட்டோடு நல்லது கெட்டது இல்லை என்று அறிவித்துவிட்டார். அதாவது அவர் வீட்டுக் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எதற்கும் எங்களுக்குச் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டுக்கும் வர மாட்டார். அவருக்குப் பென்சன் கொடுக்கிறதும் எனக்குச் சம்பளம் கொடுக்கிறதும் ஒரே அரசாங்கம்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குப் பலமுறை நாக்கு நுனி வரை வந்தது.

ஆனால் பவுசர் வருகிற நாளில் பெரியம்மா வருவார். இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கான்களைத் தூக்கிக்கொண்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். தாங்கி நிரம்பும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு நான் குழாயிலிருந்தே நேராகப் பிடித்துக் கொடுப்பேன். பெரியம்மா கானை நீட்டுவார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் நிரப்பிக் கொடுப்பேன், பேச மாட்டேன். இது வருடக்கணக்காக நடந்தது.

இனி அந்தக் காய்ச்சலுக்கு வருகிறேன். செத்தவர்களுக்கு நாங்கள் திதி பார்த்துத் திவசம் செய்வோம். அண்ணைக்குத் திதி தெரியாது. எந்த நாள், எந்த நேரம் அவன் மூச்சுப் போனது என்று சொல்ல ஆளில்லை. அதனால் அவனைப்போல் போனவர்களுக்காக மே மாதத்தில் எல்லாரும் விளக்கு வைக்கிற அந்த நாளையே அம்மா அவனுடைய திதியாக வைத்துக்கொண்டார். யன்னல்களைச் சாத்திவிட்டு, சாமி அறையில் பள்ளிக்கூடச் சேர்ட்டோடு அவன் நிற்கிற படத்தின் முன்னால் ஒரு விளக்கு. அவனுக்கு விருப்பமான பாலப்பம் சுட்டுப் படைப்பார். வருடத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அதே வாரத்தில்தான் படையில் கடைசிச் சண்டையின் வெற்றி அணிவகுப்பு. நான் இங்கே மாற்றலாகி வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வரும். மருத்துவ அறைக்குப் போய் உடம்பு உளைகிறது என்று சொல்லி, வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கப்டன் ஒரு சிங்களப் பெண். கண்டிப்பானவர், ஆனால் நீதியானவர். என் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். நெற்றி குளிர்ந்துதான் இருக்கும். "ஓ, நல்ல காய்ச்சல்" என்று கையெழுத்துப் போட்டு விடுமுறை தருவார். முகாமில் கூட இருந்த பிள்ளைகள் அதற்கு மே மாதக் காய்ச்சல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தவணை புரட்டாசியோடு முடிய இருந்தது. ஆவணியில் கப்டன் கூப்பிட்டார். மேசையில் படிவம் இருந்தது. இன்னொரு தவணைக்குக் கையெழுத்து வைத்தால் கோப்ரல் தரம், பவுசர் பகுதி முழுக்க என் பொறுப்பு என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். அடுத்த மே மாத அணிவகுப்பில் பவுசரை ஓட்டிக்கொண்டு நான் முன்வரிசையில் வர வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். தமிழ்ப் பெண் சாரதி, படம் எடுப்பார்கள், ரிவியில் போடுவார்கள். "இந்த முறை காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள், நங்கி" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பனங்கிழங்கு ஒடியல் மா அரித்துக்கொண்டிருந்தார். அரிதட்டை நிறுத்தவில்லை. பின்னேரம் படலை கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தால் பெரியப்பாவும் பெரியம்மாவும். அத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் அந்த வெள்ளை வேட்டி. அம்மா பதறிப்போய் மாவோடு இருந்த கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ அத்தான், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். உடனே குசினிக்குள் ஓடி, ஆட்கள் வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

பெரியப்பா உள்ளங்கையைக் காட்டி மறித்தார். "வேண்டாம் பிள்ளை. இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வந்தனாங்கள்."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்காமல் வர முடியாது. வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கோப்பையை வைப்பார்கள். தொடவே தொடாமல் விட்டால், உன் வீட்டோடு எனக்கு ஒன்றுமில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அம்மா இரண்டு கோப்பைகளையும் ஸ்ரூலில் வைத்துவிட்டுக் கதவோடு ஒட்டி நின்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"உன்ரை தங்கச்சிக்கு லண்டனிலை ஒரு இடம் பொருந்தியிருக்கு" என்று தொடங்கினார் பெரியப்பா. தன் மகளைச் சொல்கிறார். "மாப்பிள்ளை பகுதி விசாரிச்சவை. சித்தப்பான்ரை பெட்டை ஆமியிலை எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். நீ திரும்பக் கையெழுத்து வைக்கப் போறியாம் எண்டும் கதை. உந்த விசர் வேலையை விட்டிட்டு வா. நடந்ததை நாங்களும் மறப்பம்."

"விட்டிட்டு வந்து என்ன செய்யிறது, பெரியப்பா?"

"வீட்டிலை இரு. உனக்கும் ஒரு இடம் பாக்கலாம். தெல்லிப்பழைப் பக்கம் ஒராள் இருக்கிறார், தாரம் இழந்தவர். வயது கொஞ்சம் கூடத்தான். ஆனால் உன்ரை நிலைமைக்கு..."

உன்ரை நிலைமைக்கு என்று சொல்லி நிறுத்தினார். அந்த மனிசன் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மூத்த மகன் என்னோடு படித்தவன்.

"பெரியப்பா, வீட்டிலை குடிச்சிட்டு வந்தனீங்கள் எண்டியள். அந்தத் தேத்தண்ணிக்குத் தண்ணி எங்கையாலை வந்தது?"

"உதென்ன கேள்வி?"

"உங்கடை கிணறு உவர். முந்தநாள் ஒழுங்கை முகப்பிலை தண்ணி இறக்கினது நான். பெரியம்மா ரண்டு கான் பிடிச்சவா, நான்தான் நிரப்பிக் குடுத்தனான். ஆமிக்காரி கொண்டுவந்த தண்ணி உங்கடை கேத்திலிலை கொதிக்கலாம். அம்மாவின்ரை கோப்பையிலை எண்டால் மட்டும் இறங்காதோ?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். "உனக்கு வாய் மெத்திப் போச்சு. கடைசியாக் கேக்கிறன். கையெழுத்து வைக்கப் போறியோ, இல்லையோ?"

"வைச்சிட்டன்."

அவர்கள் போய்விட்டார்கள். பெரியம்மா மட்டும் படலையடியில் ஒருமுறை திரும்பி ஸ்ரூலில் இருந்த கோப்பைகளைப் பார்த்தார்.

அம்மா கேட்டார், "மெய்யே?"

"இல்லை. இன்னும் வைக்கேல்லை."

"பிறகேன் சொன்னனீ?"

"அவர் உங்கடை கோப்பையைத் தொடேல்லை."

அம்மா ஒரு கோப்பையை என்னிடம் நீட்டி, மற்றதைத் தான் எடுத்துக் குடித்தார். ஆறிப் போயிருந்தது. பாதி குடித்த பிறகு சொன்னார்: "அவரிலை உள்ள கோவத்திலை வைக்காதை. அவருக்குப் பயந்து வைக்காமலும் விடாதை. என்னையும் பாக்காதை. நான் இதுக்கு முதலும் கவிட்டு வைச்ச பானையோடை இருந்தனான்."

அன்றிரவு நான் நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். ஆனால் அடுத்த நாள் முழுவதும் மாறி மாறி யோசித்தேன். பவுசரை விட எனக்கு மனமில்லை. கோப்ரல் பட்டியைத் தோளில் குத்திக்கொண்டு பெரியப்பாவின் ஒழுங்கைக்குள் நுழைந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே இனித்தது. அதே பவுசர், பூமாலை போட்டு, கொடி கட்டி, நான் ஓட்டிக்கொண்டு போக, அம்மா யன்னலைச் சாத்திவிட்டுத் தனியாக விளக்கு வைக்கிற அதே நேரத்தில் ரிவியில் என் முகம் தெரிந்தால்? சம்பளத்துக்காக நான் வண்டி ஓடுவேன், வெயிலில் நிற்பேன், சல்யூட்டும் அடிப்பேன். அண்ணை செத்ததற்குக் கைதட்டுகிற வரிசையில் நிற்க மாட்டேன். ஆனால் பொய்க் காய்ச்சலும் எனக்கு அலுத்துவிட்டது. என் அண்ணைக்குத் திவசம் செய்ய நான் ஏன் நோயாளியாக வேண்டும்?

முகாமுக்குப் போய் நேரே கப்டனின் அறைக்குள் நுழைந்தேன். சிங்களத்தில் சொன்னேன், என் சிங்களம் அவ்வளவு திருத்தமில்லை, ஆனால் அன்றைக்குத் தடக்கவில்லை.

"மெடம், நான் கையெழுத்து வைக்கிறேன். வருடம் முழுக்க எங்கே விட்டாலும் ஓடுகிறேன். மே மாதத்தில் அந்த ஒரு நாள் எனக்கு விடுமுறை வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. என் அண்ணை மற்றப் பக்கத்தில் நின்று செத்தவன். அவனுக்கு விளக்கு வைக்க வேண்டும்."

கப்டன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீ காய்ச்சல் என்றே சொல்லியிருக்கலாம், நங்கி. இத்தனை வருடமும் நான் நம்பினேனே."

"நீங்கள் நம்பவில்லை, மெடம்."

"இல்லைத்தான்" என்றார். "ஆனால் இப்போது சொல்லிவிட்டாய். காதால் கேட்ட பிறகு நான் என்ன செய்வது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரால் முடிந்தது காய்ச்சல்வரைதான். அதற்கு மேல் போனால் அவருடைய தோள்பட்டிக்கும் ஆபத்து. படிவத்தை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன், கையெழுத்து வைக்கவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "பவுசரை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டார். யாரிடமாவது கொடுங்கள், பாதித் தண்ணீரோடு சடக்கென்று பிரேக் மிதிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். அதுவரை திடமாக நின்றவள், புரட்டாசிக் கடைசியில் பவுசரின் திறப்பைக் கொடுக்கும்போது விக்கி விக்கி அழுதேன். வண்டிக்காகத்தான் அழுதேன்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. நான் விலகி வந்துவிட்டேன் என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு ஒரு பின்னேரம் பெரியப்பா குடையோடு வந்தார். இந்த முறை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகமெல்லாம் சிரிப்பு. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்கடை சொல்லுக்கு மதிப்புக் குடுத்தாய், பிள்ளை. கோவத்திலை வைச்சிட்டன் எண்டு சொன்னாலும், பிறகு யோசிச்சிருக்கிறாய். எங்கடை ரத்தமெல்லே."

"உங்கடை சொல்லுக்கில்லைப் பெரியப்பா. அண்ணைக்கு."

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அண்ணையின் பெயரை அவர் வாயால் நான் கேட்டு எவ்வளவோ காலம். அவனுக்கு விளக்கு வைக்கிற நாளில் ஒருநாளும் அவர் எங்கள் ஒழுங்கைப் பக்கம் தலை காட்டியதில்லை. புலனாய்வுக்காரர் யாராவது பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். நான் ஆமிக்காரி என்று விலக்கிய அதே மனிசன், அவன் இயக்கம் என்று அவனையும் விலக்கித்தான் வைத்திருந்தார்.

"சரி, சரி" என்றார். "இனி ஒரு கௌரவமான வேலையாப் பாப்பம்."

"பாத்தாச்சு. பருத்தித்துறையிலை ஐஸ் லொறி ஓடப்போறன். மீன் சந்தைக்கு."

"மீன் லொறியோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். ஆமி எவ்வளவோ பரவாயில்லை என்று நினைத்திருப்பார். குசினிப் பக்கம் பார்த்தார். மழைக் குளிருக்கு அவருக்குத் தேவைப்பட்டது. "பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணி தாவன்" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா கதவடியில் அதே இடத்தில் நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வந்திருப்பியள் எண்டு நான் அடுப்பு மூட்டேல்லை, அத்தான்" என்றார்.

அவர் குடையை விரித்துக்கொண்டு எழும்பினார். நான் படலை வரை கூடவே போனேன். எங்கள் ஊரில் நல்லது கெட்டதை நேரில்தான் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட முறையை நான் விடவில்லை. "மே மாதம் அண்ணையின்ரை திவசம், பெரியப்பா. முற்றத்திலைதான் விளக்கு வைக்கப் போறம். நேரிலை சொல்லுறன். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." மழைச் சத்தத்தில் கேட்காதவர்போல் நடந்தார். கேட்டது எனக்குத் தெரியும்.

அந்த மே மாதம் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. விடியவே ஐஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மீன் நாற்றம் போக முழுகிவிட்டு வந்தேன். யன்னல்களைத் திறந்து வைத்தோம். சாமி அறையில் இருந்த படத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் மேசை போட்டு வைத்தேன். பள்ளிக்கூடச் சேர்ட்டோடு அண்ணை ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, படத்தையும் என்னையும் பார்த்துவிட்டுப் போனார். நானும் அவரைப் பார்த்தேன். அம்மா திரியைத் தூண்டிவிட்டு, பாலப்பத்தை இலையில் வைத்தார்.

பெரியப்பா வரவில்லை. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் பெரியம்மா தனியாக வந்தார். கையில் அந்த வெள்ளைக் கான். தண்ணீருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கானைப் படலையடியில் வைத்துவிட்டு, படத்தின் முன்னால் கைகூப்பி நின்று, அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் படையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டிலை குடிச்சிட்டுத்தான் வந்தனான்" என்றார். "எண்டாலும் ஒரு தேத்தண்ணி தா, பிள்ளை."

அம்மா பூப்போட்ட கோப்பையை எடுத்துவந்தார். பெரியம்மா உட்காரவில்லை. நின்றபடியே, ஊதி ஊதி, அடிவரை குடித்து முடித்தார்.